எழுத்தில் அடங்கும் மெட்டு

அயர்லாந்தின் நடன மெட்டுகளைக் கற்க விரும்புபவருக்கு ‘ஏபிசி’ குறிமுறையைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். 1990களின் தொடக்கத்தில் கிறிஸ் வால்ஷா இதற்கான கணினி நிரலை எழுதினார். ஐந்து கோடு வரையத் தேவையில்லை. சாதாரண விசைப்பலகை போதும். ஆங்கிலப் பெரிய எழுத்து கீழ் ஸ்தாயி, சிறிய எழுத்து மேல் ஸ்தாயி. பக்கத்தில் 2 போட்டால் ஸ்வரம் இரு மடங்கு நீளும். சரிகம எழுதிப் பழகிய நமக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

எனக்கு மிகப் பிடித்தது, ஸ்வரத்துக்கு முன்னால் போடும் சின்ன நெளிகோடு. ஃபிடிலிலும் புல்லாங்குழலிலும் விரலைச் சட்டென்று தட்டி எடுக்கும் ‘ரோல்’ என்ற அலங்காரத்துக்கு அது அடையாளம். எப்படித் தட்டுவது என்று அது சொல்லாது. அதை வாசிப்பவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த இடத்தில் குறியீடு அடக்கமாக ஒதுங்கிக்கொள்வது எத்தனை அழகு!

‘ஜிக்’ என்ற நடன மெட்டு ஒன்று முழுவதும் சில வரிகளில் முடிந்துவிடும். மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பலாம். பெறுபவர் ஈஸிஏபிசி போன்ற மென்பொருளில் போட்டால் ஸ்வரத்தாள் விரியும், ஒலிக்கவும் செய்யும். வேகத்தைக் குறைத்து, விரல் சிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1907-இல் வெளியிட்ட 1,001 மெட்டுகளின் தொகுப்பும் இன்று இந்த எழுத்துகளில் கிடைக்கிறது. ஓ’நீலுக்கு ஸ்வரம் எழுத வராது. நினைவில் இருந்த மெட்டுகளை அவர் வாசித்துக் காட்ட, இன்னொரு போலீஸ்காரரான ஜேம்ஸ் ஓ’நீல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்.