‘அடி’ படும் பாடு

நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ஓய்வொழிவின்றி உழைக்கும் சொல் எது என்று கேட்டால், ‘அடி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். காற்பந்துக்காரர் காலால் உதைத்தாலும் கோல் அடித்தார். தலையால் முட்டினாலும் அடித்தார். காவலரின் காலிடுக்கில் மெல்லத் தட்டிவிட்டாலும் அடித்தார்தான். தம் அணியின் வலைக்குள்ளேயே பந்தைத் தவறிப் புகுத்தியவருக்குங்கூட ‘சொந்தக் கோல் அடித்தார்’ என்னும் பெருமை கிட்டிவிடுகிறது!

இச்சொல்லின்மீது எனக்குப் பகை ஏதுமில்லை. தமிழர் வாழ்வில் அது புகாத இடமில்லை. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாடை அடிக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், திண்ணையில் அரட்டை அடிக்கிறோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உறவினருக்குப் ‘போன் அடிக்கிறோம்’. நாலு நம்பரில் பரிசு விழுந்தவனை ‘அவனுக்கு அடித்துவிட்டது’ என்கிறோம். அவனை யாரும் தொட்டதுகூட இல்லை. மலாய்க்காரருக்கும் இப்பழக்கம் உண்டு. ‘புக்குல்’ என்றால் அடித்தல். மாலை ஐந்து மணியும் ‘புக்குல் லீமா’தான்.

பெயராக நின்றால் அடி என்பது பாதம், பாதத்தால் அளந்த அளவு, செய்யுளின் வரி. ஆங்கிலச் செய்யுளில் பாதமென்பது வரியின் ஒரு துண்டு. நமக்கோ அடி என்பது முழு வரி. குறளடிக்கு இரண்டு சீர், அளவடிக்கு நான்கு. கடைகளின் முன்னே நடந்து செல்லும் பாதையை இந்நாட்டுத் தமிழர் ‘அஞ்சடி’ என்றனர். மலாயில் அது ‘காக்கி லீமா’. 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகர விதிகளோடு சேர்த்துப் பேசப்படும் பாதை அது. ‘காக்கி’ பாதமாகவும் அளவாகவும் இருந்ததோடு நில்லாமல், ‘காக்கி போலா’ எனப் பந்துப் பித்தரையும் குறிக்கப் புறப்பட்டுவிட்டது. ஆகவே, பல பொருள் பெறுவது குற்றமன்று. வேறுபாடு காட்டவேண்டிய இடத்தில் அதனை மறைப்பதே குற்றம்.

ஹாக்கியைப் பாருங்கள். அங்கே அடிப்பது வேறு, தள்ளுவது வேறு, சுண்டுவது வேறு, கோலிவிடுவது வேறு. இது எழுதுவோரின் அலங்காரமன்று, ஆட்ட விதி. பெனால்டி ஸ்ட்ரோக்கில் பந்தைத் தள்ளலாம், சுண்டலாம், கோலிவிடலாம், அடிக்கக் கூடாது. பெனால்டி கார்னரில் கோலை நோக்கி முதலில் அடிக்கப்படும் பந்து 460 மில்லிமீட்டருக்கு மேலே சென்று கோட்டைக் கடந்தால் கோல் இல்லை. சுண்டப்பட்ட பந்துக்கு அந்த வரம்பு இல்லை. ‘பெனால்டி ஸ்ட்ரோக்கை அடித்து வெற்றி தேடித் தந்தார்’ என்று எழுதும் நிருபர், வென்ற வீரர்மீது தம்மையறியாமலே குற்றம் சுமத்துகிறார்.

1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டம் இன்னும் பேசப்படுகிறது. இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்றது. அசோக் குமார் செலுத்திய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது கோலே அல்ல என்று பாகிஸ்தானியர் வாதிட்டனர். மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் என்றார். இதனை நம் வழக்கப்படி எழுதினால், ‘அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் அடித்துத் திரும்பினாலும் அவர் கோல் அடித்ததாக நடுவர் விசில் அடித்தார்’ என்று ஆகும். அரங்குக்குச் செல்லாமல், ஆட்டத்தை நாளிதழில் மட்டுமே கண்டவர் எத்தனை ஆயிரம்! அவருக்குப் பந்து எங்கே பட்டது, எங்கே நுழைந்தது என்பதைக் காட்டவேண்டியது சொல்தானே. செலுத்து, புகுத்து, உதை, முட்டு, தட்டு, விளாசு, சுண்டு என்று கருவிகள் பெட்டி நிறைய இருக்க, சுத்தியல் ஒன்றையே எடுப்பானேன்? நேரம் குறைவு என்பார்கள். அச்சுக்கு அவசரம் உண்டு, ஒப்புகிறேன். ஆனால் ‘முட்டினார்’ என்று எழுத ‘அடித்தார்’ என்பதைவிட அதிக நேரம் பிடிப்பதில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் கட்டுரை எழுதும்போது பார்த்துப் படிப்பதும் இந்தப் பக்கத்தைத்தான்.

எல்லாவற்றிலும் பொல்லாதது ‘அடிபடுதல்’. தேசியக் குழுவுக்கு ஒருவர் பெயர் அடிபடுகிறது என்றால் நற்செய்தி; பயிற்சியில் அவர் அடிபட்டார் என்றால் துயரச் செய்தி. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துவிட்டால், ஆட்டக்காரரின் தாய் எதை நம்பி விளக்கேற்றுவாள்? ‘காயமுற்றார்’ என்றால் ஐயமில்லை. எண்ணிப் பார்த்தேன், அதற்கும் ஆறெழுத்து, ‘அடிபட்டார்’ என்பதற்கும் ஆறெழுத்தே.