பெட்டியடியும் படைமுகாமும்: ப. சிங்காரம் நாவல்களில் கடல்கடந்த தொழிற்கல்வி

ஆய்வுச்சுருக்கம்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்கள் போர் நாவல்கள் என்றும் புலம்பெயர்வு நாவல்கள் என்றும் வகைப்படுத்தப்பட்டு வந்துள்ளன. அவற்றின் மாந்தர் கடல் கடந்தது பிழைப்பதற்கு ஒரு தொழிலைக் கற்கவே என்னும் செய்தி இவ்வகைப்பாட்டில் பின்தங்கிவிடுகிறது. வட்டிக்கடையை ஒரு கல்விக்கூடமாகவும் படைமுகாமை அதற்கு மாறான இன்னொரு கல்விக்கூடமாகவும் கொண்டு இக்கட்டுரை இரு நாவல்களையும் வாசிக்கிறது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் திருமண மறுப்பு, ஒரு கல்வியை மற்றொரு கல்வி மதிப்பிட்டுத் தள்ளிய நிகழ்வு என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ப. சிங்காரம், வட்டிக்கடை, அடுத்தாள், நாணயம், இந்திய தேசிய ராணுவம், பினாங்கு, மெடான்.

முன்னுரை

சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டு பிறந்த ப. சிங்காரம், மதுரையில் பள்ளிப்படிப்பை முடித்தபின் 1938இல் சுமத்திராவின் மெடான் நகருக்கு ஒரு வட்டிக்கடைப் பணியாளராகச் சென்றார். போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் நீண்டகாலம் பணியாற்றினார், 1997இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது.

இவ்விரு நாவல்களையும் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. முதல் நாவல் நிறைவேறாத காதலின் கதையாகப் படிக்கப்பட்டது. இரண்டாவது நாவல் அதன் மொழிக்காகவும், தமிழ்ப் பெருமிதத்தை எள்ளும் அங்கதத்திற்காகவும், போர்ச்சித்திரிப்பிற்காகவும் போற்றப்பட்டது. இவ்வாசிப்புகள் தவறானவை அல்ல. எனினும் செல்லையாவும் பாண்டியனும் காதலர்களாகவோ வீரர்களாகவோ கப்பலேறவில்லை, வேலைக்காகக் கப்பலேறியவர்கள். பதின்வயதின் இறுதியில் அவ்வேலைக்குச் சென்ற ஒருவரே அவர்களைப் படைத்தார் என்பதும் கருதத்தக்கது.

கடை என்னும் கல்விக்கூடம்

பர்மா, மலேயா, சுமத்திரா முதலிய இடங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வளர்த்தெடுத்த வட்டித்தொழில், தனக்கெனத் தெளிவான பயிற்சி ஒழுங்கு ஒன்றைக் கொண்டிருந்தது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல்கடந்த கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள். கடைநிலையில் பெட்டியடிப் பையன். சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்குப் பணியாளர்கள் சென்றனர். தவணை முடிந்ததும் ஊர் திரும்பி, மீண்டும் புதிய சீட்டில் கப்பலேறினர். நகரத்தார் உருவாக்கிய இம்முறையைப் பிற சமூகத்தாரும் கைக்கொண்டனர். ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் வயிரமுத்துப் பிள்ளை அத்தகையவர்களின் சார்பாளர்.

இம்முறையில் தனியே பாடநூல் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தலே பாடம். பேரேடு எழுதுதல், வட்டி கணித்தல், ஐந்தொகை எடுத்தல் ஆகியவை அதன் வெளிப்படையான பகுதி. அவற்றினும் கடினமானது ஆளைக் கணிக்கும் பாடம். கடன் கேட்டு வருபவரின் சொல், உடை, தொழில், அவர் திருப்பித் தரும் இயல்பு ஆகியவற்றைக் கொண்டு அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவுசெய்யும் திறனே வட்டிக்கடையின் உண்மையான மூலதனம். தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருசேரக் குறிப்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. கடைக்கு வெளியே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இப்பொருள்கள் கடைக்குள் ஒன்றாகிவிடுகின்றன. ஒருவனுடைய நாணயம் என்பது அவனை நம்பிக் கொடுக்கத்தக்க தொகையின் அளவே.

பணிவும் இக்கல்வியின் ஒரு கூறு. கொடுக்கப்பட்டதை மட்டும் பெறுவது, பெட்டியில் உள்ளது தன்னுடையது அன்று என்பதை ஒருபோதும் மறவாதிருப்பது ஆகியவை அடுத்தாளின் அடிப்படை ஒழுக்கங்கள். இவ்வொழுக்கத்தில் தேறியவன் மேலாள் ஆகலாம். சிலவேளை மருமகனும் ஆகலாம்.

மதிப்பிழந்த கல்வி

செல்லையா இக்கல்வியில் தேறியவன். வயிரமுத்துப் பிள்ளையின் நம்பிக்கைக்கு உரியவனாக இருந்த அவனுக்கும் அவருடைய மகள் மரகதத்திற்கும் இடையே அன்பு வளர்கிறது. மரகதத்தின் தாய் காமாட்சியம்மாளும் அவனையே விரும்புகிறாள். போர் குறுக்கிடுகிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின் மீது குண்டு வீசினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அப்படையில் சேர்ந்து அதிகாரியாகும் செல்லையா, ஜப்பான் சரணடைந்தபின் பினாங்கு திரும்புகிறான். பிள்ளை அவனுக்கு மகளைத் தர மறுத்து, நாகலிங்கம் என்னும் மற்றொரு பணியாளனைத் தேர்ந்துகொள்கிறார். துப்பாக்கி பிடித்த செல்லையா இனி வட்டித்தொழிலுக்குப் பொருந்தான் என்பது அவர் கணிப்பு.

இம்மறுப்பைக் கிழவர் ஒருவரின் பிடிவாதமாகக் கொள்வது எளிது. நாவல் அவ்வாறு கொள்ள இடந்தரவில்லை. பிள்ளை கொடியவராகப் படைக்கப்படவில்லை. தொழிலில் கைதேர்ந்தவராகவே படைக்கப்பட்டுள்ளார். கடன் கேட்டு வருபவரை எவ்வாறு அளப்பாரோ அவ்வாறே செல்லையாவையும் அளக்கிறார். படைமுகாம் அவனுக்குக் கற்பித்தவை விரைந்து முடிவெடுத்தல், ஆணையிடல், உயிரைப் பொருட்படுத்தாமை ஆகியன. இவை ஒவ்வொன்றும் வட்டிக்கடையின் ஏட்டில் பற்றாக எழுதப்படுவன. பொறுத்திருந்து வட்டி வாங்கும் தொழிலில் உயிரைத் துச்சமாக எண்ணுபவனுக்கு இடமில்லை. ஆளைக் கணிக்கும் பாடத்தை அக்கடையில் கற்ற செல்லையா, அதே பாடத்தால் கணிக்கப்பட்டுத் தள்ளப்படுகிறான். நாவலின் மிகக் கூர்மையான முரண் இதுவே.

இங்கு ஒரு வினா எழுகிறது. படையை நடத்தியவன், பெண்ணின் விருப்பமும் தாயின் ஆதரவும் இருந்தும், ஏன் பிள்ளையை மீறவில்லை? நண்பன் மாணிக்கத்தின் அறிவுரையால் பெற்ற மனப்பக்குவமே காரணம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட விடை. பழந்தமிழ் இலக்கியப் பயிற்சி மிக்க மாணிக்கத்தின் உரையாடல்கள் அவ்விடைக்கு வலுச்சேர்க்கின்றன. ஆனால் மாணிக்கத்தின் சொல் செல்லையாவிடம் எடுபடுவதற்கு ஏற்ற மண் முன்பே பண்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். முதலாளி மனமுவந்து கொடுக்காததை எடுப்பது பெட்டியில் கைவைப்பதற்கு நிகர் என்பது அடுத்தாளின் அறம். மரகதத்தை அழைத்துக்கொண்டு வெளியேறுவது அந்த அறத்தின்படி திருட்டு. போர் அவனைக் கடையிலிருந்து பிரித்தது. கடையின் அறத்திலிருந்து பிரிக்கவில்லை. பிள்ளை அவனைப் பற்றிச் செய்த கணிப்பு இந்த அளவில் பிழையானது. அவன் இன்னும் நாணயமானவன் என்பதற்கு அவன் விட்டுக்கொடுத்ததே சான்றாகிறது. அச்சான்று கிடைக்கும்போது அதனால் பயனில்லை.

தவணையில்லாப் பயணம்

‘புயலிலே ஒரு தோணி’ இச்சிக்கலை வேறுவகையில் தொடர்கிறது. மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழையும் காட்சியுடன் கதை தொடங்குகிறது. தவணைமுறைப் பயணத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அதைப் போர் முறித்துவிடுகிறது. தாயகக் கப்பல்கள் நின்றன. சம்பளச்சீட்டின் காலக்கணக்கு பொருளற்றுப் போயிற்று. பாண்டியன் மெடானிலிருந்து தொங்கானில் புயலைக் கடந்து பினாங்கு சேர்கிறான். அங்கிருந்து படைமுகாமும் மறைவான பணிகளும் மீண்டும் கடற்பயணமுமாக அவன் வாழ்க்கை நகர்கிறது.

செல்லையாவிற்குத் திரும்பிச் செல்ல ஒரு கடை இருந்தது. பாண்டியனுக்கு அதுவும் இல்லை. அவன் கற்றவை பல: பல மொழிகள், பல துறைமுகங்களின் நடைமுறை, பல ஆட்சிகளின் கீழ்ப் பிழைக்கும் வழி. இவற்றையெல்லாம் ஒரு தகுதியாக ஏற்று வேலை தரும் இடம் எங்கும் இல்லை. சின்னமங்கலமும் மதுரையும் அவன் நினைவில் மீண்டும் மீண்டும் எழுவதை ஊரேக்கம் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. தன் அனுபவத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்ற தேடலும் அந்நினைவுகளில் உண்டு. தாயகம் திரும்பும் விருப்பம் முதிர்ந்த நிலையில் அவன் மடிகிறான். சிங்காரத்தின் நடையில் தமிழ்ச் செய்யுள் மரபும் மலாய்ச் சொற்களும் துறைமுகப் பேச்சும் இரண்டறக் கலப்பதை மொழிப்புதுமை என்றே பலரும் பாராட்டியுள்ளனர். பாண்டியனின் சான்றிதழற்ற கல்வி நாவலில் பதிவு பெறும் ஒரே இடம் அந்நடையே என்று கூறுவது பொருந்தும்.

இக்கல்விக்கு வெளியே நிற்போர்

இவ்வாசிப்பு நாவல்களின் எல்லையையும் காட்டுகிறது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் மரகதம் கடையின் கல்வியைப் பெறாதவள்; ஆயினும் அக்கல்வியின் பரிசாக வைக்கப்படுபவள். நாகலிங்கத்திற்கு அவளைத் தரும் முடிவு தொழிலின் தொடர்ச்சிக்காக எடுக்கப்படுகிறது. அவளுடைய துயரைக் காட்டும் நாவல், அத்துயரைத் தீர்க்கும் உரையாடலைச் செல்லையாவுக்கும் மாணிக்கத்திற்கும் இடையிலேயே நடத்தி முடிக்கிறது. தத்துவ ஆறுதல் ஆண்களுக்குக் கிடைக்கிறது. அவளுக்கு அத்தகைய நண்பர் எவரும் படைக்கப்படவில்லை.

கடன் வாங்குவோரின் நிலையும் இத்தகையதே. மலேயாவிலும் சுமத்திராவிலும் வாழ்ந்த தமிழருள் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர். அவர்கள் நாவல்களின் விளிம்பில் நிற்கிறார்கள். வட்டி செலுத்தும் குடும்பங்களின் பக்கமிருந்து கடையின் நாணயம் எவ்வாறு தோன்றும் என்பதை இந்நாவல்கள் விரித்துரைக்கவில்லை. பெட்டியடியிலிருந்து பார்க்கும் பார்வையின் நுட்பமும் குறையும் ஓரிடத்திலேயே பிறக்கின்றன. சிங்காரத்தைத் தமிழரின் கடல்கடந்த வாழ்வு முழுமைக்கும் சார்பாளராக நிறுத்தும் போக்கு இக்காரணத்தால் மறுபரிசீலனைக்கு உரியது.

முடிவுரை

வட்டிக்கடையின் பயிற்சி ஒழுங்கை அறியாமல் ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் திருமண மறுப்பை முழுமையாக விளக்க இயலாது. அம்மறுப்பு மனிதர்களை நாணயத்தால் அளக்கும் ஒரு கல்விமுறையின் இயல்பான விளைவு. செல்லையாவின் விட்டுக்கொடுத்தலில் மனப்பக்குவத்தோடு அடுத்தாளின் அறமும் பங்கேற்கிறது. ‘புயலிலே ஒரு தோணி’ அக்கல்விமுறை குலைந்தபின் கற்றவை யாவும் மதிப்பிடுவோரின்றி நிற்பதைக் காட்டுகிறது.

செல்லையாவின் கதையைக் காதல் தோல்வி என்று சுருக்கும்போது, அவனை எடைபோட்ட தொழில்முறை திறனாய்வின் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது. வெளிநாட்டில் கற்ற கல்வியும் பெற்ற அனுபவமும் எவ்விடத்தில், எவரால், எந்த அளவுகோலால் தகுதியாக ஏற்கப்படுகின்றன என்னும் வினா இன்று கடல்கடக்கும் மாணவருக்கும் பணியாளருக்கும் முன்பும் நிற்கிறது. புலம்பெயர் இலக்கிய ஆய்வு, ஏக்கத்தையும் அடையாளத்தையும் ஆராயும் அளவிற்கு வேலையையும் ஆராயுமானால், அவ்வினாவைத் தமிழ் நாவல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெட்டியடியில் அமர்ந்து எழுப்பியது புலப்படும்.