முப்பது நாளில் பத்துக் கிலோ

ஏப்ரல் பிறந்ததும் பத்திரிகைகளில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் வந்துவிடும். லீவுக்குக் கோவா போவதற்குள் முப்பது நாளில் பத்துக் கிலோ இளைப்பது எப்படி? பக்கத்தில் இன்ச் டேப் சுற்றிய இடுப்பு ஒன்று. காலையில் வெந்நீர், எலுமிச்சை. மத்தியானம் வெள்ளரிக்காய். ராத்திரி மறுபடி வெள்ளரிக்காய்.

நாவல், சினிமா, கவிதைத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் நம்மிடம் விமரிசகர்கள் உண்டு. இந்த வகை எழுத்தை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. ஆனால் ஒரு சராசரிக் கவிதைத் தொகுப்பைப் படித்து யாரும் பட்டினி கிடப்பதில்லை. இதைப் படித்துக் கிடக்கிறார்கள். அதனால் இந்த வாரம் இதற்கு ஒரு மதிப்புரை.

முதலில் கணக்கு. 1958-ல் மாக்ஸ் விஷ்நோஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். கிலோவுக்குச் சுமார் 7,700. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 2,566 கலோரி குறைக்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பலருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவே இரண்டாயிரம் சொச்சம்தான். அதாவது அந்த வெள்ளரிக்காயையும் சாப்பிடாமல் ஒரு மாதம் இருந்தால்கூடக் கணக்கு இடிக்கிறது.

‘முதல் வாரமே ரெண்டு கிலோ குறைஞ்சுதே சார்?’ என்பீர்கள். குறைந்திருக்கும். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜென் என்று கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் அது கரைந்து தண்ணீரும் போய்விடும். கோவாவில் இறங்கி இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். எடை மெஷின் பொய் சொல்வதில்லை. போனது கொழுப்பா தண்ணீரா என்று மட்டும் சொல்லாது. கட்டுரைகளும் சொல்வதில்லை. அவற்றின் மொத்த வெற்றியும் இந்த முதல் வாரத்தில்தான் இருக்கிறது.

விஷ்நோஃப்ஸ்கியின் கணக்கையும் முழுசாக நம்பிவிட முடியாது. உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைகிறது. கெவின் ஹாலும் சகாக்களும் 2011-ல் லான்செட்டில் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். தினமும் இவ்வளவு குறைத்துச் சாப்பிட்டால் எடை நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே போகாது. சரிவு மெல்ல மெல்லத் தட்டையாகும். பாதித் தூரம் போகவே சுமார் ஒரு வருஷம்.

இந்த இலக்கியத்தின் ஆதி நூல் இப்படி இல்லை என்பதுதான் ஆச்சரியம். வில்லியம் பாண்டிங் என்று லண்டனில் ஒருவர் இருந்தார். (இன்சுலின் பாண்டிங் வேறு.) சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில். ராஜ குடும்பத்துக்கே இவர்கள் குடும்பம்தான். 1862 ஆகஸ்டில் அவருக்கு அறுபத்தாறை நெருங்கும் வயசு, ஐந்தடி ஐந்தங்குல உயரம், 202 பவுண்டு எடை. கிலோவில் 92. காது மந்தமானதால் வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். (ரத்த ஓட்டம் கண்டுபிடித்த ஹார்வி இல்லை. அவர் 1657-லேயே போய்விட்டார்.) ஹார்வி காதை விட்டுவிட்டு, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பாண்டிங் இளைத்தார். 1863-ல் ‘பருமன் பற்றி ஒரு கடிதம்’ என்று பொதுமக்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதி, முதலில் இலவசமாகவே கொடுத்தார். அவர் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிப் போச்சு. ஸ்வீடன்காரர்கள் இன்றைக்கும் டயட்டில் இருப்பதை ‘பான்டா’ என்றுதான் சொல்கிறார்கள்.

புத்தகம் மகா இலக்கியமில்லை. சொன்னதையே சொல்கிறார், டாக்டர்கள் மேல் கோபம் ஜாஸ்தி, தனக்குச் சரிப்பட்டது உலகத்துக்கே சரிப்படும் என்று நம்புகிறார். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த பரிசோதனை. தினப்படி ஒயின் கணக்கைப் பார்த்தால் இன்றைய டாக்டருக்கு மயக்கம் வரும். ஆனாலும் நமது ஏப்ரல் கட்டுரைகளில் இல்லாத இரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன.

ஒன்று, தோல்விகள். உடற்பயிற்சிக்காகக் காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசை வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது. எடை ஏறியது. துருக்கிக் குளியல் ஐம்பது எடுத்தும் போனது ஆறு பவுண்டுதான். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, எடை அட்டவணை. சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பார்த்து எழுதியது. ஒரு தடவை மூன்று பவுண்டு, ஒரு தடவை இரண்டு, எப்போதாவது நாலு. டிசம்பர் 24-ம் தேதி 184. ஜனவரி 14-ம் தேதி 182. கிறிஸ்துமஸும் புது வருஷமும் நடுவில் வந்து போயிருக்கின்றன. அட்டவணை அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசி வரி 1863 செப்டம்பர் 12, எடை 156, குறைந்தது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அச்சடித்தார் பாருங்கள், அதற்காகவே அவரை மதிக்கலாம். இன்றைய ஆசிரியராக இருந்தால் முந்தைய வரியோடு நிறுத்தியிருப்பார்.

மொத்தம் 46 பவுண்டு, ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். வாரத்துக்கு 400 கிராம்கூட இல்லை. இன்றைக்கு டாக்டர்கள் சொல்லும் நிதானமான வேகம் வாரம் அரை முதல் ஒரு கிலோ. தாத்தா அதற்கும் கீழே போயிருக்கிறார். எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வெளியான பெரிய பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரியாகப் பதினைந்து கிலோ சொச்சம் குறைந்தது. வகுத்தால் வாரம் 225 கிராம். ஊசிகூட உங்கள் டிக்கெட் தேதியைப் பார்த்து வேலை செய்வதில்லை.

பாண்டிங்கிடம் தேதி இல்லை. தேதி பிற்பாடு விளம்பரங்களோடு வந்தது. அதே லண்டனில் 2015-ல் பாதாள ரயில் நிலையங்களில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். மஞ்சள் பிகினியில் ஒல்லியாக ஒரு பெண், உன் உடம்பு பீச்சுக்குத் தயாரா என்று ஒரு கேள்வி. புரோட்டீன் வேர்ல்டு என்ற கம்பெனியின் எடை குறைப்புப் பவுடர். எழுபதாயிரம் பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். விளம்பரத் தர ஆணையம் விசாரித்து, போஸ்டர் ஆபாசமோ அவமதிப்போ இல்லை என்றது. ஆனால் எடை குறைப்பு பற்றிய அதன் வாக்குறுதிகள் காரணமாக அதே வடிவில் மறுபடி போடக் கூடாது என்றது. மறு வருஷம் மேயர் சாதிக் கான் இந்த மாதிரி விளம்பரங்களை ரயிலிலும் பஸ்ஸிலும் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தார்.

பிகினியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ‘தயாரா’ என்ற சொல்தான் விஷமம். கடலுக்குப் போகத் தகுதித் தேர்வு வைக்கிறது. நம் கட்டுரைகளும் அதைத்தான் செய்கின்றன. தேதியை முதலில் குறிக்கிறார்கள். அப்புறம் கவர்ச்சியாக ஒரு எண். உடம்பு கடைசியில். வேகமாக எடை குறைத்தால் தசையும் கரையும், பித்தப்பையில் கல் வர வாய்ப்பு அதிகம் என்பதற்கெல்லாம் பக்கத்தில் இடம் இருக்காது.

லீவுக்கு எட்டு வாரம் இருக்கிறதா? நாலு கிலோ கேளுங்கள், மூன்று கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். ரெண்டு வாரம்தான் இருக்கிறதென்றால் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நல்லது. பட்டினியைவிட மலிவு. எண்ணே இல்லாத இலக்கும் வைக்கலாம். பாண்டிங்குக்குக் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாகப் பின்பக்கமாக இறங்குவார். இளைத்த பிறகு மற்ற மனிதர்களைப் போல முன்பக்கமாக இறங்கினார். அட்டவணையைவிட அந்த இடத்தில்தான் கிழவர் குரலில் உற்சாகம். மலை ஊருக்கு லீவில் போகிறவர் ‘மூச்சு வாங்காமல் நூறு படி’ என்று வைத்துக்கொண்டால் அதை வீட்டு மாடியிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். காலை டிபனில் ஆட்டு மாமிசமும் சிறுநீரகமும் வரும் பக்கத்தைச் சைவர்கள் தாண்டிப் போகலாம்.