செவ்வங்கியும் காட்டுக் குடிலும்: பிரித்தானிய விடுமுறைப் பூங்காக்கள் பற்றிய ஒரு நோக்கு

பிரித்தானியாவின் குடும்ப விடுமுறைப் பூங்காக்களை அவற்றின் விளம்பரங்கள் வாயிலாக மட்டும் அறிபவர், அவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை என்றே கொள்வர். பட்லின்ஸ் என்றால் செந்நிற மேலங்கி. பொன்ரின்ஸ் என்றால் நீல மேலங்கி. ஹேவன் என்றால் கடலோரத்தில் வரிசையாக நிற்கும் கரவன் வீடுகள். சென்ரர் பார்க்ஸ் என்றால் காடும் துவிச்சக்கர வண்டியும். நீச்சல் தடாகமும் சிறுவர் விளையாட்டிடமும் மாலைக் களியாட்டமும் பெரும்பாலும் எங்கும் பொதுவானவையாக இருக்க, வேறுபாடு எதிலே தங்கியுள்ளது? 'ஆளுமை' என்று விடை கூறி விளம்பரக்காரர் அமைந்துவிடுவர். அவ்விடை போதாது. ஒவ்வொரு நிறுவனமும் குடும்பத்தை யாருக்கு அருகே இருத்தியது, அதன் அடுப்பை யாரிடம் ஒப்படைத்தது என்பவற்றை நோக்குமிடத்தே வேறுபாட்டின் வேர் புலப்படும்.

தென்னாபிரிக்காவிற் பிறந்து, கனடாவில் வளர்ந்து, களியாட்டக் கடைகள் நடத்திப் பொருளீட்டியவர் பில்லி பட்லின். அக்காலக் கடலோர விடுதிகளிலே தங்கியோர் காலையுணவு முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டு, மழை பெய்யினும் மாலைவரை தெருவில் அலைய வேண்டியிருந்தது. வேல்சிலுள்ள பாரித் தீவில் இந்நிலையைக் கண்டமையே தமது முகாமுக்கு வித்திட்டது என்பது பட்லினின் கூற்று. 1936இல் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் முதலாவது பட்லின் முகாம் திறக்கப்பட்டது. மூன்று வேளை உணவும் களியாட்டமும் உட்பட வாரத்துக்கு, பருவத்தைப் பொறுத்து, 35 சிலிங் முதல் 3 பவுண் வரை அறவிடப்பட்டது. ஒரு வாரச் சம்பளத்துக்கு ஒரு வார விடுமுறை என்பதே விளம்பரம். இரண்டு ஆண்டுகளின் பின், 1938இல், சம்பளத்துடனான விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கோரிவந்த உரிமை ஒரு வணிகனின் சந்தையாகவும் அமைந்தமை முதலாளித்துவத்தின் வழமையான விந்தைகளுள் ஒன்று.

முகாம் திறந்த புதிதில் விருந்தினர் ஒருவரோடொருவர் பேசாது ஒதுங்கியிருந்தனராம். நோமன் பிராட்போட் என்ற ஊழியர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பகடி பேசி அவர்களைக் கலக்க வைத்தார். அதிலிருந்தே செவ்வங்கி அணிந்த பணியாளர் மரபு தோன்றியது. பட்லின்ஸின் அடையாளம் ஓவியர் மேசையிலே தீட்டப்பட்டதன்று. அந்நியர் கூடி வாழ்வதில் எழுந்த ஓர் இடர்ப்பாட்டுக்கு விடையாகப் பிறந்தது. ஒலிபெருக்கியால் துயிலெழுப்புவதையும் மணியடித்து உணவுக்கு அழைப்பதையும் கண்ட படித்த வகுப்பினர் இம்முகாம்களைப் படைமுகாம் என்று எள்ளினர். ஸ்கெக்னெஸ் முகாம் போர்க்காலத்தில் உண்மையாகவே கடற்படைப் பயிற்சி நிலையமாக இயங்கியமை வேறு கதை. எள்ளியோர் காணத் தவறியது ஒன்றுண்டு. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்ற தொழிலாள வர்க்கத் தாய்க்கு, பிறர் சமைத்துப் பிறர் பாத்திரம் கழுவிய ஒரு வாரம் அங்கே கிடைத்தது. இரவில் குழந்தை அழுகின்றதா எனக் குடில்களைச் சுற்றிப் பார்ப்பதற்கும் பணியாளர் இருந்தனர். மணியடித்து உண்ண அழைக்கப்படுவது கணவனுக்கு ஆலையை நினைவூட்டியிருக்கலாம். மனைவிக்கு அது விடுதலையாகவே ஒலித்திருக்கும்.

பிரெட் பொன்ரின் 1946இல் பிறீன் சாண்ட்ஸ் முகாமைத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் திரளும் முகாமுக்கு மாற்றாகச் சிறிய முகாம்களை முன்வைத்தார். மேலங்கி நீலமாயிற்று, முறை பெரிதும் மாறவில்லை. மாறியது அறுபதுகளிலிருந்து பரவிய தன்சமையல் முறையினாலேயே. பொது உணவுக்கூடம் சுருங்க, குடிலுக்குள் அடுப்பு வந்தது. பட்லின்ஸும் இவ்வழியே சென்றது. விரும்பியதை விரும்பிய நேரத்தில் உண்ணும் சுதந்திரம் என இது விளம்பரப்படுத்தப்பட்டது. சுதந்திரம் குடும்பத்துக்குரியதாயினும் வேலை பெரும்பாலும் தாயிடமே மீண்டது; நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்கிய உழைப்பு கூலியற்ற உழைப்பாக மறைந்தது. விடுமுறைப் பூங்காக்களின் வரலாற்றில் மேலங்கியின் நிறத்தைவிட இம்மாற்றமே ஆழமானது.

சென்ரர் பார்க்ஸ் வேறொரு மண்ணில் முளைத்தது. நெதர்லாந்தில் விளையாட்டுப் பொருள் வணிகரான பீற் டெர்க்சன் 1968இல் றூவர் என்னுமிடத்தில் முதற் பூங்காவை அமைத்தார். அதன் கட்டடக் கலைஞர் யாப் பாக்கெமா, வாகனங்கள் நுழையாத லைன்பான் கடைவீதியைப் போருக்குப் பின் றொட்டர்டாம் நகரில் உருவாக்கியவர்களுள் ஒருவர். வந்திறங்கும் நாளிலும் புறப்படும் நாளிலும் அன்றி மோட்டார் வண்டி ஓடாத காட்டுக் கிராமம் என்ற எண்ணம் அவ்வழிச் சிந்தனைக்கு இயைந்ததே. 1987இல் இது இங்கிலாந்தின் ஷேர்வுட் காட்டுக்கு வந்தது. இங்கே குடில்களின் பெரிய கண்ணாடிச் சுவர் மரங்களை நோக்குகின்றது, அயலவரை நோக்குவதில்லை. பட்லின் அந்நியரைக் கலக்க வைக்க ஆளமர்த்தினார். சென்ரர் பார்க்ஸ் அந்நியர் கண்ணிற் படாதிருக்க மரம் வளர்த்தது. முன்னையது வர்க்கத்தைக் கூட்டியது, பின்னையது குடும்பத்தைப் பிரித்தெடுத்து அதற்குத் தனிமையை விற்றது. தனிமையின் விலையும் உயர்ந்தது. பாடசாலை விடுமுறைக் காலத்தில் அது மேலும் உயரும்.

இவ்வேறுபாடுகள் வரலாற்றில் வேரூன்றியவையாயினும் இன்று அவற்றைக் காப்பது வரலாறன்று. பட்லின்ஸ், ஹேவன், வளர்ந்தோருக்கே உரிய வோணர் ஆகிய மூன்றையும் 2000ஆம் ஆண்டில் போர்ன் லெஷர் என்னும் ஒரே நிறுவனம் வாங்கியது. 2022இல் பட்லின்ஸ் பிரிந்து செல்லும் வரை, மக்கள் தெரிவு செய்த மூன்று 'ஆளுமை'களும் ஒரே பணப்பெட்டியையே நிரப்பின. விற்றவர்களான றாங்க் நிறுவனத்தார் 1997இல் வடமேற்கு இங்கிலாந்தின் வின்ஃபெல் காட்டில் ஒயாசிஸ் என்ற பெயரிற் கட்டிய கிராமம் 2001இல் சென்ரர் பார்க்ஸ் ஆகியது. அதே காடு, அதே குடில்கள், பெயர் வேறு. ஒரு நிறுவனத்தின் தனித்தன்மை மண்ணிலும் மரத்திலும் ஊறியது என்போர் இவ்வொரு நிகழ்ச்சிக்கு விளக்கம் கூற வேண்டியவராவர்.

அடுப்பைப் போலவே வாயிலும் கவனத்துக்குரியது. 'குடும்பங்களுக்கு உகந்த இடம்' என்னும்போது எக்குடும்பங்கள் என்ற வினா சொல்லப்படாமலே எஞ்சுகின்றது. பொன்ரின்ஸ் முன்பதிவுப் பணியாளருக்கு வழங்கப்பட்டிருந்த, ஐரிஷ் குடும்பப் பெயர்களைக் கொண்ட 'விரும்பத்தகாத விருந்தினர்' பட்டியல் 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஐரிஷ் நாடோடிச் சமூகத்தவரை வாயிலிலேயே தடுப்பது அதன் நோக்கம். இந்நிறுவனம் சட்டவிரோதமாகப் பாகுபாடு காட்டியதென 2024இல் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு முடிவு கூறியது. அம்முடிவு வெளியாகு முன்னரே பிரெஸ்ராற்றின், கம்பர் சாண்ட்ஸ், சவுத்போட் ஆகிய மூன்று பொன்ரின்ஸ் பூங்காக்கள் 2023இன் இறுதியிலும் 2024இன் தொடக்கத்திலும் மூடப்பட்டிருந்தன. நீல மேலங்கியை நினைவுகூர்ந்து அவற்றுக்காக வருந்தியோர் பலர். அப்பட்டியலிற் கண்ட பெயர்களைத் தாங்கிய குடும்பங்களுக்கு அவ்வாறு நினைவுகூர்வதற்கு இடமிருக்கவில்லை.