கையொப்பமும் கருத்துரையும்: எழுத்தாளன் வாசகனைச் சந்திக்கும் முறை பற்றிய ஒரு நோக்கு

எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையிலான உறவு அச்சியந்திரத்தின் வருகையோடு அடிப்படையான மாற்றமொன்றினைப் பெற்றது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் பயில விரும்பியோர் ஆசிரியன் முன்னிலையிலோ அவன் வழிவந்த மாணாக்கர் முன்னிலையிலோ அமர்ந்து அதனைக் கேட்டனர். அச்சுநூலோ தன்னை ஆக்கியோனை ஒருபோதும் கண்டறியாத ஒருவனது கையிற் சென்று சேர்கின்றது. இவ்விடைவெளியைக் கடப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் ஒன்றே, எழுத்தாளன் ஊர்தோறுஞ் சென்று வாசகரைச் சந்தித்துத் தன் நூலிற் கையொப்பமிட்டு வழங்கும் வழக்கமாகும். மேலைநாடுகளில் இது பதிப்புத் தொழிலின் ஓர் அங்கமாகவே நிலைபெற்றுவிட்டது. எம்மிடையே நூல் வெளியீட்டு விழா, அறிமுக விழா என்னும் வடிவங்களில் இது வழங்குகின்றது. இச்சந்திப்பில் உண்மையில் யார் யாரைச் சந்திக்கின்றனர்? வாசகனுக்கு அங்கு வாய் உண்டா? இவ்விரு வினாக்களையும் முன்வைத்துச் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் நூல்களைக் கற்றதனால் மாத்திரம் எனக்கு எழுந்தவையல்ல. சிறுகதைத் தொகுதியொன்றின் அறிமுக விழாவிற்குச் சென்றிருந்தேன். அத்தொகுதியை முன்னரே வாங்கிப் படித்திருந்தேன். அதிலுள்ள கதையொன்றில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி ஈற்றில் எசமானியை மன்னித்துவிடுகின்றாள். அம்மன்னிப்புச் சிறுமியினுடையதா, அன்றி ஆசிரியருடையதா என்பதே என் ஐயம். விழா முடிந்தபின் மேசையருகே வரிசையில் நின்றேன். ஆசிரியர் நிமிர்ந்து நோக்கி, “பெயர் என்ன தங்கச்சி?” என்றார். கூறினேன். “அன்புடன்” என்றெழுதிக் கையொப்பமிட்டார். நான் கதையைப் பற்றி வாய்திறந்தபோது எனக்குப் பின்னால் நின்றவரின் பிரதி மேசைக்கு வந்துவிட்டது. என் பெயர் நூலில் ஏறிற்று. என் வினா ஏறவில்லை. அவர் இன்முகத்தோடுதான் நடந்துகொண்டார். குறை அவருடையதன்று, அம்மேசையும் வரிசையும் அமைக்கப்பட்ட முறையினது என்றே கருதுகின்றேன். அம்முறை எவ்வாறு தோன்றியது என்பது நோக்கற்பாலது.

நவீன காலத்தில் இத்தகைய சுற்றுப்பயணத்தின் வரலாற்றை ஆராய்வோர் சார்ள்ஸ் டிக்கன்ஸைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. 1853 டிசம்பரில் பேர்மிங்காம் நகர மண்டபத்தில் அவர் தமது ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையைப் பொதுமக்கள் முன் வாசித்தார். கல்வி நிறுவனமொன்றின் நிதிக்காக நடைபெற்ற அவ்வாசிப்புகளுள் ஒன்று, அவரது வேண்டுகோளின்படி, தொழிலாளருக்கெனக் குறைந்த கட்டணத்தில் ஒழுங்குசெய்யப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின்னர், 1858 ஏப்ரலில், இலண்டனில் தமது சொந்த வருவாய்க்காக வாசிக்கத் தொடங்கினார். அவருடைய நெருங்கிய நண்பரான ஜோன் போஸ்டர் இதனை எதிர்த்தார். காசுக்கு மேடையேறுதல் எழுத்தாளனின் மதிப்பைக் குறைக்கும் என்பது அவரது வாதம். டிக்கன்ஸ் அதனை ஏற்கவில்லை. மாதந்தோறும் ஒரு சிலிங் விலையில் வெளிவந்த இதழ்களின் மூலம் வாசகரைப் பெற்றவர் அவர். அவ்வாசகரின் முகத்தைக் காணும் வேட்கை அவருக்கிருந்தது.

வேட்கை மாத்திரமன்று, பொருளாதாரக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் பிரித்தானிய எழுத்தாளருக்கு அமெரிக்காவிற் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருக்கவில்லை. டிக்கன்ஸின் நாவல்கள் அங்கு பெருந்தொகையாக அச்சாகி விற்பனையாயின. ஆசிரியருக்குச் சட்டப்படி உரித்தான பங்கென எதுவும் இல்லை. 1842இல் அங்கு சென்றபோது அவர் இதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்துப் பத்திரிகைகளின் கண்டனத்திற்கு ஆளானார். அயல்நாட்டு எழுத்தாளரின் உரிமையை ஏற்கும் சட்டம் 1891இலேயே அங்கு நிறைவேறியது; அதற்குள் அவர் இறந்து இருபத்தோராண்டுகள் ஆகிவிட்டன. ஆயின் நூலைக் களவாக அச்சிடுவோனால் ஆசிரியனின் குரலை அச்சிட முடியாது. 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரல் வரை அமெரிக்க நகரங்களில் அவர் நிகழ்த்திய 76 வாசிப்புகளால் ஏறக்குறைய 19,000 பவுண் இலாபங் கிடைத்தது. நுழைவுச்சீட்டுக்காக மக்கள் கடுங்குளிரில் இரவிரவாகத் தெருவிற் காத்துக்கிடந்தனர். எழுத்தாளனின் உடலே சந்தைக்கு வந்த பண்டமாயிற்று எனலாம்.

எனினும், டிக்கன்ஸின் மேடையில் நிகழ்ந்தது வணிகம் மாத்திரமே என்று கூறின் அது அரைகுறை உண்மையாகிவிடும். அங்கு மையத்தில் இருந்தது நூல். தொடக்கத்தில் ஏறக்குறைய மூன்று மணிநேரம் நீண்ட ‘கிறிஸ்மஸ் கரோல்’ வாசிப்பு, பிற்காலத்தில் ஒன்றரை மணிநேர அளவிற்குச் சுருங்கிற்று. தாம் வாசித்த பிரதிகளில் வரிகளை வெட்டியும் சேர்த்தும் தம் கைப்படவே அவர் திருத்தங்கள் செய்திருந்தார். சபையின் சிரிப்பும் மௌனமும் அவருக்கு ஒருவகை விமர்சனமாயின. எமது கோயில்களில் நிகழும் கந்தபுராணப் படனத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். ஒருவர் பாடலை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, சபை கேட்கின்றது. இரண்டிலும் நூல் ஒரு சமூக நிகழ்வாகின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அங்கு இடமுண்டு.

ஆனால் கைதட்டல் விமர்சனம் ஆகாது என்பதையும் டிக்கன்ஸின் வரலாறே காட்டுகின்றது. ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில் நான்சி கொலையுறும் பகுதியை 1869 ஜனவரி முதல் அவர் பொதுமேடையில் வாசித்தார். சபை நடுங்கியது, மேலும் மேலும் கேட்டது. அவ்வாசிப்பு அவரது நாடித்துடிப்பை எவ்வளவு உயர்த்திற்று என்பதை வைத்தியர் குறித்துவைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் உடல் தளர்ந்து சுற்றுப்பயணம் இடைநின்றது. 1870 மார்ச்சில் இறுதி வாசிப்பினை நிகழ்த்தியவர், ஜூன் 9ஆந் திகதி தமது ஐம்பத்தெட்டாவது வயதில் மறைந்தார். சபையின் உணர்ச்சியைக் கிளறுவதும் சபையோடு உரையாடுவதும் ஒன்றல்ல.

கடனும் எழுத்தாளனைப் பயணத்திற்கு அனுப்பியுள்ளது. தம் பதிப்பகம் 1894இல் முறிவடைந்தபின் மார்க் ருவெயின் 1895 ஜூலையில் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கிக் கடன்காரர்களுக்கு முழுத்தொகையையுஞ் செலுத்தினார். அப்பயணத்தின் இடையே 1896 ஜனவரியில் கொழும்பையும் கண்டார். அதனைப் பற்றி மறுவருடம் வெளியான தமது பயண நூலில் எழுதினார். கொழும்பு மக்களின் உடைகளின் வண்ணங்களை வியந்து போற்றிய அவர், மிசன் பாடசாலைச் சிறுமியருக்கு அணிவிக்கப்பட்டிருந்த ஐரோப்பிய உடையைக் கடிந்துரைத்தார். அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும், அப்பக்கங்களில் இந்நாட்டவர் காட்சியாக நிற்கின்றனரேயன்றி வாசகராக அல்ல. சந்தித்தல் வேறு, பார்த்தல் வேறு.

இருபதாம் நூற்றாண்டில் மேடையின் இடத்தை மேசை பிடித்துக்கொண்டது. ஆசிரியன் தன் நூலை நீண்டநேரம் வாசிப்பது அருகிப் புத்தகக்கடையிற் கையொப்பமிடுதல் பெருகியது. அதன்பின் கையொப்பம் சந்திப்பிலிருந்தே பிரிந்து செல்லத் தொடங்கியது. ஓயாத சுற்றுப்பயணங்களாற் களைப்புற்ற கனடிய எழுத்தாளர் மார்கிரட் அற்வூட், தொலைவிலிருந்தே கையொப்பமிட உதவும் இயந்திரமொன்றினை 2006இல் அறிமுகப்படுத்தினார். அவர் தமது நாட்டிலிருந்து எழுத, வேறு நாட்டிலுள்ள நூலில் இயந்திரக் கை மையினால் எழுதும். பலர் இதனை நகைத்தனர். ஆயின், வாசகர் திரையில் ஆசிரியரோடு பேசவும் அதில் இடமிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பொப் டிலனின் விடயம் வேறு. 2022இல் வெளிவந்த அவரது நூலின் சிறப்புப் பிரதிகள், ஆசிரியரே கைப்பட ஒப்பமிட்டவை என்று கூறி 599 டொலருக்கு விற்கப்பட்டன. அவ்வொப்பங்கள் இயந்திரத்தால் இடப்பட்டவை எனப் பின்னர் தெரியவந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலன் மன்னிப்புக் கோரினார். வாங்கியோர் இழந்தது நூலின் ஒரு சொல்லையுமன்று. ஆயினும் தாம் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் உணர்ந்தது நியாயமே. ஏனெனில், அவர்கள் விலைகொடுத்தது ஒரு மனிதக் கை தமக்காக ஒரு கணம் அசைந்தது என்ற நம்பிக்கைக்காகும். நூல் பின்தள்ளப்பட்டு ஒப்பம் முன்வந்தமையின் எல்லை இதுவெனலாம்.

எம் நாட்டு நிலைமையை இதனோடு அவ்வாறே பொருத்திப் பார்த்தல் தவறு. இங்கு பெரும்பாலான எழுத்தாளர் தம் பணத்தைக் கொண்டே சில நூறு பிரதிகளை அச்சிடுகின்றனர். விநியோக வசதி மிகக் குறைவு. எனவே, வெளியீட்டு விழாவே அச்சகக் கடனைத் தீர்க்கும் வழியாகின்றது. மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி வழங்கல், நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என நிகழ்ச்சிநிரல் நீள்கின்றது. முதற்பிரதியை வாங்கும் வர்த்தகப் பெருமகன் அதனை வாசிப்பாரா என எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் அவர் உறையில் இட்டுக்கொடுக்கும் பணமின்றி அடுத்த நூல் வெளிவராது என்பதும் உண்மை. எனவே, என் வினா பணத்தைப் பற்றியதன்று. மூன்று மணிநேர நிரலில் வாசகனின் வினாவிற்குப் பத்து நிமிடமேனும் ஏன் ஒதுக்கப்படுவதில்லை என்பதே என் வினா. நூலை அன்றுதான் பெற்றுக்கொள்ளும் சபை எவ்வாறு வினவும் என்று கேட்கலாம். வெளியீட்டு விழாவைப் பொறுத்தவரை இது தக்க மறுப்பே. ஆனால், அறிமுக விழாக்கள் நூல் வெளிவந்து மாதங்கள் கழிந்தபின்னரும் நடைபெறுகின்றன; அவற்றிலும் அதே நிரலே பின்பற்றப்படுகின்றது.

இதற்கு மாற்றான முன்மாதிரியை அயல்நாட்டிலே தேடவேண்டியதில்லை. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, சஞ்சிகையைத் தாமே சுமந்து யாழ்ப்பாணத் தெருக்களில் வாசகரின் கையிற் சேர்த்தவர். அதுவும் விற்பனைதான். எனினும், ஒருமுறை விற்று மறைந்துபோகும் விற்பனையன்று. அடுத்த இதழோடு அதே தெருவுக்கு வரவேண்டியவர், சென்ற இதழைப் பற்றிய சொல்லை எதிர்கொண்டேயாக வேண்டும். வாசகனை மீண்டுஞ் சந்திக்கவேண்டியிருத்தல் என்னும் இக்கட்டுப்பாடே அவ்வுறவை மெய்யாக்கிற்று. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது அவரைப் புகழ்ந்தவர் பலர். அம்முறையைப் பின்பற்றுதலே அவருக்குச் செய்யும் தக்க நினைவாகும்.

இன்னும் பின்னோக்கிச் செல்லின், அரங்கேற்றம் என்னும் எமது மரபு நிற்கின்றது. தொல்காப்பியம் அரங்கேறியபோது அதங்கோட்டாசான் குற்றங் கூறிக்கொண்டே செல்ல, தொல்காப்பியர் அவற்றிற்கெல்லாம் விடை பகர்ந்தார் என நச்சினார்க்கினியர் உரை கூறும். இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. நூலொன்று வெளிப்படும் அவையில் தடையும் விடையும் இருத்தல் வேண்டும் எனத் தமிழ்மரபு கருதிற்று என்பதற்கு அது சான்றாகும். அரங்கேற்றத்தின் விளக்கையும் மாலையையும் நாம் பேணிக்கொண்டோம். அதங்கோட்டாசானின் ஆசனத்தை அகற்றிவிட்டோம்.

கையொப்பத்தை நான் வெறுக்கவில்லை. என் பெயர் எழுதப்பட்ட அப்பிரதி விடுதி அறையில் என் மேசைமீதே இருக்கின்றது. அதனை எவருக்கும் இரவல் கொடுக்க மனம் வருவதில்லை. அது ஓர் அன்பின் அடையாளம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் எழுத்தாளன் வாசகனுக்குக் கொடுக்கக்கூடிய மிகச்சிறிய பொருளும் அதுவேயாகும். அதனினும் பெரியது, வாசகனின் ஐயத்தைக் கேட்டு, அதற்கு விடை கூறுதல். விடை இல்லாதவிடத்து அதனை ஒப்புக்கொள்ளுதல். எமது சங்கம் இனி ஒழுங்குசெய்யும் நூல் அறிமுகக் கூட்டங்களிலேனும், நூலை முன்னரே படித்த மாணவர் மூவர் எழுந்து வினவுவதற்கு ஏற்புரையின் முன்னர் நேரம் ஒதுக்கப்படுமாயின், அம்மாற்றம் சிறிதெனினும் பயனுடையதாகும். அச்சிறுமி எதற்காக மன்னித்தாள் என்று நானும் அப்போது கேட்பேன்.