வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு கூலி வேண்டும்?

ஒருவர் வாழ்க்கையில் மேலே வந்தாரா என்று அளக்கப் பொருளியலில் நிறைய கருவிகள் உண்டு. கூலி எவ்வளவு ஏறியது, என்ன படித்தார், அப்பாவைவிட எத்தனை படி மேலே. தளியில் உட்கார்ந்து இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் வரும். அவை தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்க பக்கம் நடப்பதில் பாதி அந்தச் சல்லடையில் நிற்காமல் ஒழுகிவிடுகிறது.

முதலில் எல்லை. தளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக ஓரம். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்த ஊர். மறுபக்கம் ஆனேக்கல், ஜிகணி, பொம்மசந்திரா. ராகியும் ரோஜாவும் போடுகிற ஒரே வீட்டிலிருந்து அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்று ‘கம்பெனிக்கு’ப் போகலாம். 2017-18இல் தொடங்கிய மத்திய அரசின் காலமுறை உழைப்புப் படைக் கணக்கெடுப்பு, வீட்டு வாசலில் நின்று ஆளை எண்ணுகிறது. தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு கம்பெனி கேட்டில் நின்று எண்ணுகிறது. எல்லை தாண்டிப் போகிற தம்பி முதல் கணக்கில் தமிழ்நாடு, இரண்டாவதில் கர்நாடகம். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்தாலும் அவன் ஒரே ஆளாகத் தெரியமாட்டான்.

எல்லையை வைத்துச் செய்த ஆய்வுகளில் பேர்போனது டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்டது. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது. பக்கத்து பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளில் விசாரித்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்ற பாடப்புத்தக வாய்ப்பாடு அங்கே பலிக்கவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

அருமையான ஆய்வுதான். ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: கோட்டின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கடை, ஒரே மாதிரி ஆள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் எந்தப் பக்கம் போவது என்பதைக் கூலி மட்டும் முடிவு செய்வதில்லை. அங்கே நம்ம ஆள் யார் இருக்காங்க, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பொண்ணை அனுப்புவாங்களா என்பதெல்லாம் கூலிக்கு முன்னால் வந்து நிற்கும் கேள்விகள்.

அடுத்தது ஏணி. இந்தியாவில் தலைமுறை ஏற்றம் பற்றி சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் மூவரும் செய்த ஆய்வு முக்கியமானது. கீழ்ப்பாதியில் பிறந்த பிள்ளை கல்வி வரிசையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். தாராளமயத்துக்கு முன்பிருந்தே இந்த ஏற்றம் குறைவாகவும் மாறாமலும் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. மகன்களில் பட்டியல் சாதியினருக்கு ஏற்றம் கூடியிருக்கிறது, முஸ்லிம்களுக்குக் குறைந்திருக்கிறது. மகள்களின் ஏற்றம் மகன்களைவிடக் குறைவு.

அந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இப்படி ஒரு வேலைக்குப் போய், முதல் முறையாகத் தன் பெயரில் கணக்குத் தொடங்கி, நாலு வருடம் சம்பாதித்து, கல்யாணத்துக்குப் பிறகு நின்றுவிட்டால், கல்வி வரிசையில் அவள் இடம் ஒரு அங்குலம்கூட நகராது. அவள் ஏறியதும் அதில் பதியாது, இறங்கியதும் பதியாது.

அப்படியானால் எதை அளப்பது? இதற்கு நல்ல பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுத்தார். அதில் ஒன்று அன்றைய தென்னாற்காட்டின் இருவேல்பட்டு. 1930களில், 1961இல், 1980களில் என்று திரும்பத் திரும்ப அந்த ஊருக்கு ஆய்வாளர்கள் போனார்கள். கடைசியாக 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போய், 2010இல் எழுதினார்கள். கூலி எத்தனை ரூபாய் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, தலித் மக்கள் நிலக்காரரை நம்பியிருப்பது எப்படிக் குறைந்தது என்று பார்த்தார்கள். என் மொழியில் சொன்னால், ‘வர முடியாதுங்க’ என்று சொல்ல யாரால் முடிந்தது என்ற கேள்வி அது. கூலிக் கணக்கை ஒரு மனிதரின் முதுகெலும்போடு சேர்த்து வாசிக்கிற ஆய்வு.

அதிலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. இருவேல்பட்டில் ‘வேண்டாம்’ என்று யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அவர் வீடு கண்ணுக்கு எதிரில் இருக்கிறது. எங்க பக்கம் அப்படி இல்லை. நாட்டின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 2022-23இல் சுமார் 40 சதவீதத் தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் ஒரு போன் நம்பர். பிடிக்கவில்லையென்றால் நாளையிலிருந்து போகாமல் இருக்கலாம், அது சுலபம். வேலையில் இருந்துகொண்டே ‘இது சரியில்லை’ என்பது அவ்வளவு சுலபமில்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் விலகலையும் குரலையும் பிரித்துக் காட்டியது இதற்குத்தான். பண்ணையிலிருந்து விலக வழி கிடைத்ததை நாம் விடுதலை என்று சரியாகவே சொன்னோம். கம்பெனியிலிருந்து விலகுவதையும் அதே பெயரில் எழுதிவிட்டால் குரல் இல்லாதது கணக்கில் மறைந்துபோகும்.

தளிக்கு அடுத்து வருகிற ஆய்வாளரிடம் நான் கேட்பது சின்ன விஷயம். படிவத்தில் சம்பளம், படிப்பு, சாதி எல்லாம் இருக்கட்டும். கூடவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது ‘இன்னைக்கு ஓவர்டைம் முடியாது’ என்று சொன்னீர்கள், மறுநாள் என்ன நடந்தது? அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன் யாரைத் திரும்பிப் பார்க்கிறாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.