பேட்லேபரும் எவாஞ்சலியனும்: ஒரகடத்திலிருந்து ஒரு பார்வை

பேட்லேபர் என்பது 1988 முதல் வீடியோத் தொடர், படக்கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் எனப் பல வடிவங்களில் வெளிவந்த ஜப்பானியப் படைப்பாகும். ஆள் உள்ளே அமர்ந்து இயக்கும் மனித வடிவ இயந்திரங்களைப் பற்றிய கதைகளை அனிமே ரசிகர்கள் 'மெக்கா' என்பர். அவ்வகையில் 1995இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' உலகப் புகழ் பெற்றது; 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபின் இந்தியாவிலும் எளிதில் பார்க்கக் கிடைத்தது. பேட்லேபருக்கு ஜப்பானுக்கு வெளியே அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் இயக்குநர்களுள் ஒருவரான மமோரு ஒஷீயின் பெயர்கூட 'கோஸ்ட் இன் த ஷெல்' (1995) படத்தை வைத்தே நினைக்கப்படுகிறது. ஆயினும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இயந்திரங்களோடு வேலை செய்வோரின் வாழ்க்கைக்கு அருகில் நிற்பது பேட்லேபரே.

இரு கதைகள்

ஹிதெயாகி அன்னோ இயக்கிய எவாஞ்சலியன் 26 பகுதிகள் கொண்டது. ஷிஞ்ஜி என்னும் 14 வயதுச் சிறுவனை அவன் தந்தையே ஒரு ராட்சத இயந்திரத்தில் ஏற்றிப் போருக்கு அனுப்புகிறார். இயந்திரம் என்று தோன்றுவது உண்மையில் உயிருள்ளது என்பது போகப்போகத் தெரிகிறது. தொடரின் கடைசி இரு பகுதிகள் ஏறக்குறைய முழுவதும் மனத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. தனிமையையும் தாழ்வு மனப்பான்மையையும் இவ்வளவு நேராகக் காட்டிய மெக்கா தொடர் அதற்கு முன் இல்லை எனலாம்.

பேட்லேபரை உருவாக்கியது 'ஹெட்கியர்' என்ற ஐவர் குழு. கதை நடப்பது 1998இல். தோக்கியோ விரிகுடாவில் பெரும் கட்டுமானப் பணி நடக்கிறது. அதற்காகப் பெருகிய இயந்திரங்களுக்கு 'லேபர்' என்று பெயர். அவற்றைக் கொண்டு குற்றங்களும் பெருகவே, காவல்துறை தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்குகிறது. அதன் 'இங்கிராம்' வண்டி ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். அதைச் செய்து தருவது ஷினோஹாரா கனரகத் தொழிலகம் என்னும் கற்பனை நிறுவனம்.

பழுதும் பராமரிப்பும்

கதையில் வரும் அதே 1998இல்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. இவ்வட்டாரத்துக் கார் ஆலைகளின் ரோபோக்களுக்குக் கால் கிடையாது. தரையில் போல்ட் அடித்து நிறுத்திய கை மட்டுமே உண்டு. சுற்றிலும் கம்பி வேலி. வேலிக் கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். கையில் பெண்டன்ட் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும் என்று அதற்குப் புள்ளி புள்ளியாகக் கற்றுக்கொடுப்பவர் ஒரு மனிதர். பிரேக்டவுன் ஆனால் லைன் நிற்கும், மெயின்டனன்ஸ் ஆட்கள் ஓடிவருவார்கள்.

பேட்லேபர் இந்த உலகத்தை அறிந்த படைப்பு. அதில் சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு இருப்பதெல்லாம் உடைந்த கை, அதற்கான செலவு, மேலதிகாரியின் ஏச்சு, விடிய விடியப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள். மெக்கானிக்குகளின் தலைவர் சக்காகியிடம் எல்லோருக்கும் பயம். நிலையம் ஊருக்கு வெகு தொலைவில் இருப்பதால் சாப்பாடு கொண்டுவர ஒரே ஒரு சீன உணவகம்தான் உண்டு. அதை வைத்தே கதைகள் பின்னியிருக்கிறார்கள். ஓட்டுநரான நோவா தன் இங்கிராமுக்கு 'அல்ஃபோன்ஸ்' என்று பெயரிட்டு, கீறல் விழுந்தால் கலங்குகிறாள். ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் ஊரில் இது வேடிக்கையாகத் தோன்றாது.

எவாஞ்சலியனிலும் உழைப்பு தெரியும் இடம் உண்டு. ஆறாம் பகுதியில் ஒரே ஒரு துப்பாக்கிக்காக ஜப்பான் முழுவதன் மின்சாரமும் திரட்டப்படுகிறது. அருமையான பகுதி. ஆனால் அந்தக் கேபிள்களை இழுத்தவர்கள் சில நொடிகளில் மறைந்துவிட, கதை மீண்டும் சிறுவனின் முகத்துக்கே திரும்பிவிடுகிறது.

பேட்லேபரின் முதல் திரைப்படம் (1989) இன்னும் ஒரு படி மேலே போகிறது. லேபர்களுக்குப் புதிதாக வந்த இயங்குதளத்தை எழுதிய பொறியாளர், படத்தின் தொடக்கத்திலேயே கடலில் குதித்து இறந்துவிடுகிறார். அவர் விட்டுச்சென்ற நிரலால், பலத்த காற்று உயர்ந்த கட்டடங்களில் மோதி எழுப்பும் ஒலியைக் கேட்டு லேபர்கள் ஆளின்றியே வெறிகொண்டு ஓடுகின்றன. எல்லா இயந்திரங்களிலும் ஒரே மென்பொருளை ஏற்றினால், ஒருவர் செய்த கோளாறு எல்லாவற்றுக்கும் பரவும் என்பதே அதன் மையம். வீட்டுக்கு வீடு இணையம் வருவதற்கு முன்பே எடுத்த படம் இது.

'லேபர்' என்ற சொல்

இவ்வளவு சொல்லியும் பேட்லேபரில் ஒரு பெரிய குறை இருக்கிறது. தமிழ்நாட்டில் 'லேபர்' என்றால் ஆள், கூலிக்கு வருபவர். 'இன்றைக்கு லேபர் வரவில்லை' என்பது எந்தக் கட்டுமானத் தளத்திலும் கேட்கும் வாக்கியம். அந்தப் பெயரை இயந்திரத்துக்கு வைத்த தொடரோ, அந்த ஆட்களைப் பெரும்பாலும் தகராறு செய்பவர்களாக மட்டுமே காட்டுகிறது. லேபர் இயந்திரங்கள் வந்ததால் வேலை இழந்தவர் யார், ஒப்பந்தத்தில் வந்தவர் யார், சங்கம் இருந்ததா என்பன முதன்மைக் கதைக்குள் நுழைவதே அரிது. பழுது பார்ப்போர் மீது அதற்கு இருக்கும் அன்பு, அந்த இயந்திரங்களை அன்றாடம் ஓட்டுவோர் மீது இல்லை. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரம் கோரி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பார்த்தவருக்கு இந்த வெற்றிடம் உடனே தெரியும்.

வெற்றிடம் முழுமையானதும் அல்ல. இங்கிராமை எதிர்க்கும் கறுப்பு நிற 'கிரிஃபன்' இயந்திரத்தை ஓட்டுபவன் பட் என்று அழைக்கப்படும் சிறுவன். முழுப் பெயர் பத்ரிநாத் ஹர்சந்த், இந்தியச் சிறுவன். ஷாஃப்ட் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் அதிகாரி உட்சுமி, புதிய இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் வேடிக்கைக்காக அவனைப் பயன்படுத்துகிறார். யூக்கி மசாமி வரைந்த படக்கதையில் குழந்தைகளை விற்கும் கும்பல் வரையில் இந்த இழை நீள்கிறது. ஷிஞ்ஜி இயந்திரத்தில் ஏறத் தயங்கி அழுகிறான். அவன் அழுகைக்காக ஒரு தொடரே காத்திருக்கிறது. பட் அழுவதில்லை. அவனுக்கு எல்லாம் வீடியோ விளையாட்டு. தோற்றால் மறுபடி ஆட வேண்டும், அவ்வளவுதான்.